வாடிக்கையாளரின் பழைய சொல்லுக்கு எத்தனை வருட ஆயுள்?

எமது வியாபாரிகளிடம் ஒரு வினோதமான பழக்கம் உண்டு. பதினைந்து வருடங்களுக்கு முன்னர் யாரோ ஒரு பிரமுகர் எழுதிக் கொடுத்த பாராட்டுக் கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் காசு மேசைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால், மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு வாடிக்கையாளர் செய்த முறைப்பாட்டை யாராவது நினைவூட்டினால், "அது பழைய கதை, இப்போது ஏன் அதைக் கிளறுகிறீர்கள்?" என்ற பதில் உடனே வரும். பாராட்டு பழையதாகாது, முறைப்பாடு மட்டும் பழையதாகிவிடும் என்பது எந்தக் கணக்கிலும் சேராத கணக்கு.

இதற்கு எதிரான அநியாயமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2022இல் ஒரு தடவை காசோலை திரும்பியதற்காக, அந்தக் கடனை முழுமையாகத் தீர்த்த பின்பும் இன்றுவரை கடனுக்குச் சரக்குக் கிடைக்காத சில்லறை வியாபாரிகள் இருக்கிறார்கள். சமையற்காரர் மாறி, முகாமைத்துவம் மாறி, கடையே புதிதாகக் கட்டப்பட்ட பின்பும், பழைய ஒரு வாடிக்கையாளரின் கோபமான வார்த்தைதான் கைத்தொலைபேசியில் முதலாவதாகத் தெரிகிறது என்று தலையில் கைவைக்கும் ஹோட்டல் முதலாளிகளும் இருக்கிறார்கள்.

ஆகவே கேள்வி இதுதான். ஒரு வியாபாரியைப் பற்றி மக்கள் சொன்ன சொல், அது நல்லதோ கெட்டதோ, எவ்வளவு காலம் முன்வரிசையில் இருக்கலாம்? எப்போது அதை எடுத்துப் பழைய கோவைக்குள் வைக்க வேண்டும்? அதை யார் தீர்மானிப்பது? சிறிய விடயம் போலத் தெரிந்தாலும் இது ஒருவரின் ரிஸ்க் சம்பந்தப்பட்ட விடயம். மறுபக்கத்தில், தனது பணத்தைக் கொடுத்துப் பொருள் வாங்கும் பாவனையாளரின் உரிமையும் இதில் அடங்கியிருக்கிறது.

பதிவுகள் மூன்று இடங்களில்

முன்னர் ஒரு கடையின் பெயர் ஊரின் வாயில் இருந்தது. இன்று அது மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, வாடிக்கையாளரின் கைத்தொலைபேசி. கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரைத் தேடினால் நட்சத்திரங்களும் கருத்துகளும் வருகின்றன. ஒரு கருத்து தனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கடைக்காரர் அதை அழிக்க முடியாது. விதிமுறைகளை மீறியிருந்தால் முறையிடலாம். மற்றபடி பதில் எழுத மட்டுமே முடியும். எத்தனை வருடம் கடந்தாலும் அந்தக் கருத்து தானாக மறைந்துவிடுவதுமில்லை.

இரண்டாவது, சந்தையின் நாக்கு. புறக்கோட்டையின் மொத்த வியாபாரிகள் ஒருவரையொருவர் விசாரித்துத்தான் கடன் கொடுக்கிறார்கள். "இவர் எப்படி?" என்ற இரண்டு வார்த்தைக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் அக்கரைப்பற்றிலும் அக்குறணையிலும் உள்ள பல கடைகளின் இறாக்கைகள் நிறைகின்றன, அல்லது வெறுமையாகின்றன. இந்தப் பதிவு எங்கும் எழுதப்படுவதில்லை. ஆகவே இதில் திகதியும் இல்லை. 2019இல் நடந்ததும் கடந்த மாதம் நடந்ததும் ஒரே குரலில் சொல்லப்படுகின்றன.

மூன்றாவது, நாம் 'கிறிப்' என்று அழைக்கும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. 'கிறிப்பில் பெயர் அடிபட்டுவிட்டது' என்று நாம் பேசிக்கொண்டாலும், பணியகம் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. கடன் கொடுத்த நிறுவனங்கள் அனுப்பும் தகவல்களை அது தொகுத்துக் கொடுக்கிறது. கடன் கொடுப்பதா இல்லையா என்பதை வங்கிதான் தீர்மானிக்கிறது. தனது சொந்த அறிக்கையை ஒருவர் தானே கேட்டுப் பெறலாம், பிழை இருந்தால் ஆட்சேபிக்கவும் செய்யலாம். எமது சிறு வியாபாரிகள் எத்தனை பேர் ஒரு தடவையேனும் அதைப் பெற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

இந்த மூன்றிலும் உள்ள பொதுவான சிக்கல் காலம். எழுதப்பட்டதற்குத் திகதி இருக்கிறது, ஆனால் வாசிப்பவர் அதைப் பார்ப்பதில்லை. பேசப்பட்டதற்குத் திகதியே இல்லை.

சட்டங்கள் போட்டிருக்கும் கெடு

உலகின் பல சட்ட முறைகள் ஒரு மனிதரின் கணக்கை முடிவின்றித் திறந்து வைத்திருப்பதில்லை. எமது நாட்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டினுடையது. அதன்படி எழுத்து மூல ஒப்பந்தம் தொடர்பாக வழக்குத் தொடர ஆறு வருடங்கள், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று வருடங்கள், விற்று ஒப்படைத்த சரக்குக்கும் கடைக் கணக்குக்கும் ஒரே ஒரு வருடம். (கடனாளி எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் அல்லது பகுதிப் பணம் கொடுத்திருந்தால் கணக்கு மாறும். அதைச் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.) கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் பலருக்கு இந்த ஒரு வருடக் கெடு தெரியாது என்பதும் கவலைக்குரியது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வதாயின், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரைப் பற்றிய தகவலை எந்த நோக்கத்துக்காகத் திரட்டினோமோ அந்த நோக்கத்துக்குத் தேவையான காலம் வரை மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்ற கொள்கையை ஏற்றிருக்கிறது.

வெளிநாடுகளைப் பார்த்தால், அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் கடன் அறிக்கைச் சட்டப்படி பாதகமான தகவல்களில் பெரும்பாலானவற்றை ஏழு வருடங்களுக்குப் பின்னர் அறிக்கையில் சேர்க்க முடியாது. வங்குரோத்துக்குப் பத்து வருடங்கள்.

ஐரோப்பாவில் நடந்த ஒரு வழக்கு எமது விடயத்துக்கு மிகவும் பொருத்தமானது. ஸ்பெயினில் ஒருவரின் சமூகப் பாதுகாப்புக் கடனுக்காக அவருடைய சொத்து ஏலத்துக்கு வருவதாக 1998இல் ஒரு பத்திரிகையில் அறிவித்தல் வெளிவந்தது. கடன் விவகாரம் தீர்ந்து பல வருடங்கள் சென்ற பின்னரும் அவருடைய பெயரைக் கூகுளில் தேடினால் அந்த அறிவித்தலே வந்தது. அவர் ஸ்பெயினின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் முறையிட்டார், விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. 2014 மே 13ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இங்கு கவனிக்க வேண்டியது, பத்திரிகையின் பழைய பிரதியில் இருந்து அந்த அறிவித்தல் நீக்கப்படவில்லை என்பதாகும். பெயரைத் தேடும்போது முன்னால் வந்து நிற்பதுதான் நிறுத்தப்பட்டது. சரித்திரம் அதன் இடத்தில் இருக்கட்டும், ஆனால் அது ஒரு மனிதரின் வாசற்கதவில் ஒட்டப்பட்டிருக்கத் தேவையில்லை என்பதே அதன் சாரம்.

அழிப்பதற்கும் பழைய கோவைக்குள் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

எமது மரபில் உள்ள இரண்டு பாடங்கள்

இந்தக் கேள்வி எமக்குப் புதியதல்ல. மனிதர்களைப் பற்றிய கருத்தை எடைபோடுவதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்த சமூகம் நாம்.

ஹதீஸ் அறிவிப்பாளர்களை ஆய்வு செய்த இமாம்கள் ஒருவரை 'நம்பகமானவர்' அல்லது 'பலவீனமானவர்' என்று முத்திரை குத்தியதோடு நிற்கவில்லை. எந்தக் காலத்தில் அவரிடம் கேட்கப்பட்டது என்பதையும் விசாரித்தார்கள். எகிப்தில் காழியாக இருந்த இப்னு லஹீஆ இதற்கு நல்ல உதாரணம். அவருடைய நூற்சுவடிகள் எரிந்துபோன பின்னர் அவரது அறிவிப்புகளில் குழப்பம் ஏற்பட்டது என்று அறிஞர்கள் பலர் கூறியிருக்கிறார்கள். அதனால் அவரிடம் முன்னர் கேட்டவர்களின் அறிவிப்பையும் பின்னர் கேட்டவர்களின் அறிவிப்பையும் பிரித்துப் பார்த்தார்கள். மனிதர் ஒருவர்தான், ஆனால் காலம் இரண்டு. ஆகவே தீர்ப்பும் இரண்டு.

ஒரு கடைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வாப்பா நடத்திய காலத்துக் கருத்தும் மகன் பொறுப்பேற்ற பின்னர் வந்த கருத்தும் ஒரே கடையைப் பற்றியவை அல்ல. பெயர்ப்பலகை மட்டும்தான் ஒன்று. வாப்பாவின் நற்பெயரில் மகன் காலம் தள்ளுவதும் பிழை, வாப்பாவின் கடனுக்காக மகனின் காசோலையை மறுப்பதும் பிழை.

இரண்டாவது பாடம் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் இருக்கிறது. சாட்சியம் ஏற்கப்படாத அளவுக்குக் குற்றம் செய்த ஒருவர் தவ்பாச் செய்தால், அவரது சாட்சியத்தை எப்போது மீண்டும் ஏற்பது? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில், தவ்பாவின் உண்மை தெரியவரும் வரை ஒரு காலம் அவர் சோதித்துப் பார்க்கப்பட வேண்டும் என்றும், பெரும்பாலான அறிஞர்கள் அதனை ஒரு வருடம் என்று நிர்ணயித்துள்ளனர் என்றும் குறிப்பிடுகிறார். வருடத்தில் நான்கு பருவங்களும் வந்துபோகின்றன, மனித மனதின் நிலைகளும் அவற்றோடு மாறிப் பார்க்கப்படுகின்றன என்று உரையாசிரியர்கள் அதற்குக் காரணம் சொல்கிறார்கள். அந்தத் தவ்பாவின் நிபந்தனைகளில் ஒன்று, பிறருக்கு அநியாயம் செய்திருந்தால் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுப்பதாகும்.

இது சாட்சியம் பற்றிய சட்டம். கடைக் கருத்துகளுக்கான ஃபத்வாவாக இதை நான் முன்வைக்கவில்லை. அதற்குரியவர்கள் உலமாக்கள். ஆனால் இதில் உள்ள ஒழுங்கைக் கவனியுங்கள். உடனடி மன்னிப்பும் இல்லை, ஆயுள் தண்டனையும் இல்லை. முதலில் பிறர் உரிமை தீர்க்கப்பட வேண்டும். பின்னர் எல்லாப் பருவங்களையும் உள்ளடக்கிய ஒரு காலம் நடத்தை பார்க்கப்பட வேண்டும். அதன் பின்னர் கதவு திறக்க வேண்டும்.

ஈபே நிறுவனமும் விற்பனையாளருக்கான திருப்தி வீதத்தைக் கடைசிப் பன்னிரண்டு மாதக் கருத்துகளில் இருந்தே கணக்கிடுகிறது. பழைய கருத்துகள் தொலைந்துவிடுவதில்லை, ஆனால் இன்றைய வீதத்தை அவை தீர்மானிப்பதில்லை. வியாபாரத்துக்கும் ஒரு முழு வருடம் பொருத்தமான அளவுகோல்தான். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், தீபாவளி, நத்தார் என்று நெரிசலான காலமும், மழை பெய்து கடை வெறிச்சோடும் காலமும் அதற்குள் வந்துவிடுகின்றன. சனம் இல்லாத நாளில் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். பெருநாளைக்கு முந்திய இரவில் எப்படிப் பேசினோம் என்பதில்தான் கடையின் குணம் தெரியும்.

பழைய பாராட்டு எப்படி ஏமாற்றுகிறது?

கணக்காகவே பார்ப்போம். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு 100 பேர் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 70 பேர் சில வருடங்களுக்கு முன்னர் சொன்னவர்கள். அவர்கள் கொடுத்த சராசரி 4.6 நட்சத்திரம். மிகுதி 30 பேர் கடந்த ஒரு வருடத்தில் சொன்னவர்கள். அவர்களின் சராசரி 3.2. எல்லாவற்றையும் சேர்த்தால் 4.18 வருகிறது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது நல்ல கடை. முதலாளிக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இன்று அந்தக் கடைக்குள் நுழைபவருக்குக் கிடைப்பது 3.2 சாப்பாடுதான்.

இங்கு முதலில் ஏமாறுபவர் முதலாளியே. வாடிக்கையாளர் ஒரு தடவை ஏமாந்து விட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். முதலாளியோ, வருமானம் ஏன் குறைகிறது என்று புரியாமல் விலைவாசியையும் அரசாங்கத்தையும் திட்டிக்கொண்டிருப்பார். பழைய பாராட்டை முன்வரிசையில் இருந்து எடுத்திருந்தால் நோய் ஆறு மாதம் முந்தியே தெரிந்திருக்கும்.

மதீனாச் சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் எம் எல்லோருக்கும் தெரியும். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே அவருக்குக் கிடைத்த கேள்வி. இன்றைய குறையை நேற்றைய பாராட்டுக்கு அடியில் மறைப்பதும் நனைந்த தானியத்தை அடியில் வைப்பதும் ஒன்றுதான். அதேபோல், காய்ந்து சுத்தமாகிவிட்ட தானியத்தை இன்னும் 'நனைந்தது' என்று சொல்லிக்கொண்டிருப்பதும் உண்மையல்ல.

எல்லாத் தொழிலுக்கும் ஒரே கெடு பொருந்தாது

ஒரு வருடம் என்பது பொதுவான அளவு. தொழிலுக்குத் தொழில் அது மாறும்.

சாப்பாட்டுக் கடை, பேக்கரி போன்றவற்றில் ஒரு வருடமே அதிகம் என்று கூடச் சொல்லலாம். சமையற்காரர் மாறிய நாளில் இருந்து புதிய கணக்கு ஆரம்பமாகிறது. பிடவை, பாதணிக் கடைகளுக்கு ஒரு பெருநாள் சுற்று போதுமானது.

மின் உபகரணமும் தளபாடமும் வேறு. வாங்கிய மறுநாள் எல்லாக் கட்டிலும் நல்ல கட்டில்தான். இரண்டாவது வருடத்தில் பலகை வளையும்போது வரும் கருத்துதான் பெறுமதியானது. ஆகவே உத்தரவாதக் காலம் முடியும் வரையாவது பழைய கருத்தை முன்னால் வைத்திருக்க வேண்டும். கட்டட ஒப்பந்தக்காரரின் கூரையைப் பற்றி இரண்டு மழைக்காலங்கள் கழிந்த பின்னர்தான் பேச முடியும்.

பேருவளைச் சீனன்கோட்டை போன்ற இடங்களில் நடக்கும் இரத்தினக்கல் வியாபாரம் இன்னும் நீண்டது. கேவுட கல்லைச் சூடாக்கி நீல நிறம் எடுப்பது அறியப்பட்ட தொழில்தான். ஆனால் அதைச் சொல்லி விற்றாரா, சொல்லாமல் விற்றாரா என்பது, வாங்கியவர் பல வருடங்களுக்குப் பின்னர் பரிசோதனைக்குக் கொடுக்கும்போதுதான் தெரியவரும். அப்படிப்பட்ட தொழிலில் ஒரு வருடத்தில் கணக்கை மூடிவிடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். நகைக்கும் இது பொருந்தும்.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். வருடத்துக்கு நானூறு பேர் கருத்துச் சொல்லும் கடை பழையதை ஒதுக்கினால் நட்டமில்லை. வருடத்துக்கு நான்கு பேர் மட்டுமே பேசும் கிராமத்துக் கடையில் பழையதை ஒதுக்கினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஒரே ஒரு கோபக்காரரின் சொல்லே கடையின் முகமாகிவிடும். அங்கு இரண்டு மூன்று வருடங்களைச் சேர்த்துப் பார்ப்பதே நியாயம்.

நாட்டின் நிலைமையும் ஒரு திகதிதான். 2018 மார்ச்சில் திகன, 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின்னர் நடந்த பகிஷ்கரிப்பு, 2020இல் ஊரடங்கு, 2022இல் எரிவாயுவும் டொலரும் இல்லாத நிலை என்று எமது வியாபாரிகள் அடுத்தடுத்து அடி வாங்கினார்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதே வருடம் மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை அண்மித்தது. அந்த மாதங்களில் "இவர் விலையை இரட்டிப்பாக்கிவிட்டார்" என்றோ "இவருடைய காசோலை திரும்பியது" என்றோ பதிவான சொல்லை, சாதாரண காலத்துச் சொல்லோடு ஒரே தராசில் நிறுப்பது அறிவுடைமையல்ல. கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்குமாறு சூரா பகராவின் 280ஆம் வசனம் எமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. கஷ்டம் தீர்ந்து கடனையும் தீர்த்தவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஒதுக்கக் கூடாதவை

எல்லாவற்றுக்கும் காலம் கடந்தால் சரி என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. மூன்று விடயங்கள் பழையதாவதில்லை.

ஒன்று, தீர்க்கப்படாத உரிமை. கடைக் கடனுக்கு வழக்குப் போட ஒரு வருடம்தான் என்று சட்டம் சொல்லலாம். அது நீதிமன்றக் கதவுக்கான கெடு. அல்லாஹ்விடம் உள்ள கணக்குக்கு அந்தக் கெடு பொருந்தாது என்பது எமது நம்பிக்கை. பத்து வருடம் சென்றாலும் கொடுபடாத கடன் இன்றைய கடன்தான். அதைப் 'பழைய கதை' என்று சொல்லும் உரிமை கொடுக்க வேண்டியவருக்கு இல்லை.

இரண்டு, திரும்பத் திரும்ப வரும் ஒரே முறைப்பாடு. 2016இல் தராசு பற்றி ஒரு சொல், 2020இல் தராசு பற்றி ஒரு சொல், இந்த வருடமும் தராசு பற்றி ஒரு சொல் என்றால், அவை மூன்று பழைய கருத்துகள் அல்ல. ஒரே பழக்கம். பழையதைத் தனியாக ஒதுக்கினால் இந்தத் தொடர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பழைய கோவையை எரிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

மூன்று, வேண்டுமென்றே செய்த மோசடி. உணவில் கலப்படம், திகதியை மாற்றி ஒட்டுதல், ஹலால் அல்லாததை ஹலால் என்று விற்றல் ஆகியவை தவறுதலாக நடப்பவை அல்ல. இவற்றில் ஈடுபட்டவர் மாறிவிட்டார் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது, சமூகத்தினுடையது அல்ல.

பொய் வதந்தி வேறு வகை. அது ஒதுக்கப்பட வேண்டியதல்ல, திருத்தப்பட வேண்டியது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கொத்து ரொட்டியில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகச் சொல்லி ஒரு சாப்பாட்டுக் கடையைத் தாக்கினார்கள். அது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் கூறியது. அப்படிப்பட்ட சொல்லை அமைதியாகப் பழைய கோவைக்குள் வைத்தால், நாளை இன்னொருவர் எடுத்துத் தூசு தட்டி மீண்டும் பரப்புவார். அதன் மேல் 'பொய் என்று நிரூபிக்கப்பட்டது' என்ற சீட்டையும் ஒட்டித்தான் வைக்க வேண்டும்.

மொத்த வியாபாரியின் நியாயம்

இதற்கு ஓர் எதிர்ப்புக் குரல் வரும் என்பது எனக்குத் தெரியும். "சரக்கைக் கொடுத்து விட்டுக் காசுக்காக அலைந்தது நான். வங்கியைப் போல என்னிடம் பிணையும் இல்லை, உறுதிப் பத்திரமும் இல்லை. என்னிடம் இருக்கும் ஒரே பாதுகாப்பு எனது ஞாபகம். அதையும் மறக்கச் சொல்கிறீர்களா?" என்று புறக்கோட்டை மொத்த வியாபாரி கேட்பார். அவருடைய கேள்வி நியாயமானது.

அவரை மறக்கச் சொல்லவில்லை. ஞாபகத்துக்குத் திகதி போடச் சொல்கிறோம். காசோலை திரும்பியது எப்போது, எத்தனை தடவை, பின்னர் தீர்த்தாரா, தீர்க்க எவ்வளவு காலம் எடுத்தார் என்ற நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் அவருடைய பாதுகாப்பு கூடுமே தவிரக் குறையாது. ஒரு தடவை தவறி மூன்று மாதத்தில் தானாகவே வந்து தீர்த்தவரும், மூன்று தடவை தவறி தொலைபேசியை நிறுத்தி வைத்தவரும் ஞாபகத்தில் ஒரே ஆள் போலத்தான் இருப்பார்கள். கொப்பியில் அப்படி இருக்க மாட்டார்கள். முதலாமவருக்கு முழுக் கடனும் கொடுக்க வேண்டும் என்பதில்லை. பழைய அளவில் கால்வாசியில் ஆரம்பித்து, ஒரு வருடம் ஒழுங்காகப் போனால் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். அவரும் பிழைப்பார், மொத்த வியாபாரிக்கும் ஒரு நல்ல வாடிக்கையாளர் திரும்பக் கிடைப்பார்.

யாராவது விசாரிக்கும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். "2022இல் ஒரு பிரச்சினை இருந்தது, தீர்த்துவிட்டார், அதன் பின்னர் எனக்குத் தெரிந்து இல்லை" என்று சொல்வது சாட்சியம். "அவரா? கவனமாக இருங்கள்" என்று மட்டும் சொல்லித் தலையை ஆட்டுவது கீபத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் இல்லை. முதலில், கடையில் ஒரு முறைப்பாட்டுப் புத்தகம் இருக்கட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் திகதி, எந்தப் பொருள், யார் பொறுப்பில் இருந்தார், என்ன பரிகாரம் செய்யப்பட்டது என்று நான்கு நிரல் போதும். கைத்தொலைபேசியில் வந்த கருத்தையும் அதில் பதிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, பழைய முறைப்பாட்டுக்குப் பதில் எழுதுங்கள். கோபமாக அல்ல. என்ன மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்பதை இரண்டு வரியில் எழுதினால் போதும். அழிக்க முடியாத கருத்தைப் பழையதாக்கும் ஒரே வழி, அதன் கீழே புதிய உண்மையை எழுதுவதுதான். மகனிடமும் மருமகனிடமும் சொல்லிப் பொய்ப் பெயரில் ஐந்து நட்சத்திரம் போட வைப்பது வழியல்ல. அது பொய்ச் சாட்சியம்.

மூன்றாவது, ஊர் வர்த்தக சங்கங்கள் இதற்கு ஒரு பொது விதியை வகுக்கலாம். காசோலை திரும்பியவர்களின் பட்டியலை வாய்மொழியாகப் பரப்புவதை விட, கடன் தீர்ந்து ஒரு வருடம் ஒழுங்காக நடந்தால் பெயர் பின் கோவைக்குப் போகும், மீண்டும் நடந்தால் முன்னால் வரும் என்று எழுதி வைத்தால் எல்லோருக்கும் நல்லது. இளம் வியாபாரிகளுக்கு அது ஒரு நம்பிக்கையாகவும் இருக்கும். ஒரு தடவை விழுந்தால் இனி எழும்பவே முடியாது என்று நினைப்பவர்தான் ஊரை விட்டு ஓடுகிறார். எழும்ப ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தவர் கடனைத் தீர்க்கப் பார்ப்பார்.

நான்காவது, எமது வியாபாரிகளில் பலர் ரமழானில் ஸகாத் கணக்குப் பார்க்கிறார்கள். சரக்கை எண்ணி, வரவேண்டிய கடனையும் கொடுக்க வேண்டிய கடனையும் எழுதும் அந்த நாளில் இன்னும் ஒரு மணித்தியாலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடம் முழுவதும் வந்த பாராட்டையும் முறைப்பாட்டையும் மேசையில் வையுங்கள். காரணம் நீங்கியதையும் உரிமை தீர்ந்ததையும் பழைய கோவைக்குள் போடுங்கள். பழைய பாராட்டையும் அதே கோவைக்குள் போடுங்கள். காசு மேசைக்கு மேலே தொங்கும் அந்தக் கண்ணாடிச் சட்டத்தையும் கழற்றத்தான் வேண்டும். மேசையில் மிஞ்சுவது எதுவோ, அதுவே இந்த வருடத்தில் உங்கள் கடையின் உண்மையான பெயர்.